மண் அணையும் மனச்சான்றும்

போர் ஓய்ந்த நிலத்திலே இருவகைச் சின்னங்கள் எஞ்சுகின்றன. ஒன்று, பின்வருவோர் நினைக்கவேண்டும் எனும் நோக்கோடு எழுப்பப்படுவது. தூணும் கல்வெட்டும் சிலையும் அவ்வகையின. மற்றொன்று, உயிர் காக்கவோ உயிர் பறிக்கவோ அவசரத்தில் ஆக்கப்பட்டு, தேவை தீர்ந்ததும் கைவிடப்பட்டது. பதுங்குகுழியும் காவலரணும் மண் அணையும் அவ்வகையின. ஒஸ்திரியக் கலை வரலாற்றறிஞரான அலோயிஸ் றீகல், 1903 இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, நினைவுச் சின்னங்களைத் திட்டமிட்டு ஆக்கப்பட்டவை, திட்டமிடாது அமைந்தவை என வேறுபடுத்தினார். முன்னையது ஆக்கியோனின் விருப்பத்தினாற் சின்னமாகிறது. பின்னையது, பின்வந்தோர் அதற்கு ஒரு பெறுமதியை அளிப்பதனாலேயே சின்னமாகிறது. எனவே, திட்டமிடாத சின்னத்தைப் பொறுத்தவரை அதனைப் பேணுவதா அழிப்பதா எனும் பொறுப்பு முழுவதும் உயிரோடிருப்போரையே சார்ந்ததாகும். வன்னிப் பெருநிலப்பரப்பில், குறிப்பாக மாங்குளத்தை அண்டிய பகுதிகளில், பற்றைகளுக்குள்ளும் வயலோரங்களிலும் எஞ்சியுள்ள போர்க்கால அரண்களை என் செய்வது என்ற வினா இவ்வகையில் வெறும் நிர்வாக வினா அன்று. அஃது ஓர் அறவியல் வினாவுமாகும்.

மாங்குளம் ஒரு சந்தி. யாழ்–கண்டி வீதி வடக்குத் தெற்காகச் செல்ல, கிழக்கே ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்கும், மேற்கே துணுக்காய், மல்லாவி வழியாக வெள்ளாங்குளத்துக்கும் வீதிகள் பிரிகின்றன. வடபகுதிப் புகையிரதப் பாதையும் இவ்வூரினூடே செல்கின்றது. அமைதிக் காலத்தில் வணிகத்துக்கு வாய்ப்பான இவ்வமைவே போர்க்காலத்தில் ஊருக்கு வினையாயிற்று. 1990 நவம்பரில் மாங்குளம் இராணுவ முகாம் விடுதலைப் புலிகளின் கைக்கு வீழ்ந்தது. கண்டி வீதியைத் திறக்கும் நோக்கோடு 1997 மே 13 இல் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கையின் இறுதிக் கட்டத்தில், 1998 செப்டெம்பர் முடிவில், இராணுவம் மாங்குளத்தை மீளக் கைப்பற்றியது. 1999 நவம்பரில் புலிகளின் ‘ஓயாத அலைகள் மூன்று’ நடவடிக்கையின்போது ஊர் மீண்டும் கைமாறியது. 2008 நவம்பரில் இராணுவம் இறுதியாக அதனுட் புகுந்தது. பதினெட்டு ஆண்டுகளில் நான்கு தடவை கைமாறிய ஊர் அது. ஒவ்வொரு தடவையும் வந்தவர் தமக்கென அரண் அமைத்தனர். நேற்று வடக்கு நோக்கி அஞ்சிய நிலம் இன்று தெற்கு நோக்கி அஞ்சியது. ஆகவே இப்பகுதியிற் காணப்படும் ஒரு மண்மேட்டைக் கண்டவுடன் ‘இஃது இன்னாருடையது’ எனக் கூறிவிடுதல் எளிதன்று.

இவ்வரண்களை அடையாளங்காண்பதற்கு வன்னி நிலத்தை அறிந்த கண் வேண்டும். வன்னி அணைகளால் ஆன நாடு. ஊர்தோறும் குளக்கட்டு உண்டு. குளக்கட்டானது நிலத்தின் சரிவை அறிந்து, நீரைத் தேக்கும் வகையில் தாழ்ந்த பக்கத்தில் வளைந்து கிடக்கும். அதற்குத் துருசும் வானும் இருக்கும். போரின் மண் அணை நிலத்தின் சரிவை மதிப்பதில்லை. வயலையும் மேட்டையும் ஒரே கோட்டில் வெட்டிச் செல்லும். அதனோடு ஒட்டி ஓர் அகழி ஓடும். மண்ணைத் தோண்டிய இடம் அகழியாகவும் கொட்டிய இடம் அணையாகவும் அமைவதனால் இரண்டும் ஒன்றையொன்று பிரியா. அகழி எப்பக்கத்தில் உள்ளதோ அப்பக்கமிருந்தே பகைவர் வருவர் என எதிர்பார்க்கப்பட்டது என்பது பொருள். 2008 இல் நாச்சிக்குடாவிலிருந்து அக்கராயன் நோக்கிப் பல கிலோமீற்றர் நீளத்துக்குப் புலிகள் அமைத்த அணை இவ்வமைப்பினதே. குளக்கட்டு நீரை நோக்கிக் கட்டப்படுவது. மண் அணை மனிதரை நோக்கிக் கட்டப்படுவது. இவ்வேறுபாடு தெரிந்தவர்க்கு நிலமே ஓர் ஏடாக விரியும்.

அரண்களின் மூலப்பொருள்களும் கவனத்துக்குரியன. 1990 இல் வடபகுதிக்கான புகையிரத சேவை நின்றுபோன பின்னர் வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. பனையும் தென்னையும் தறிக்கப்பட்டுக் குற்றிகளாகக் குழிகளின் மேல் அடுக்கப்பட்டன. ஓர் ஊரை மற்றோர் ஊரோடு இணைத்த இரும்பு, மனிதனை மனிதனிடமிருந்து மறைக்கும் இரும்பாக மாறியது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் புகையிரதம் மீண்டும் ஓடியபோது, அதற்கான பாதை முற்றிலும் புதிதாக அமைக்கப்பட வேண்டியதாயிற்று. கட்டாந்தரையிற் புதைந்த பழைய தண்டவாளத் துண்டொன்று எங்கேனும் தலைகாட்டுமாயின், அது போரின் கதையை மட்டுமன்றிப் போருக்கு முந்திய வாழ்வின் கதையையும் சொல்வதாகும்.

போராளிகளும் படையினரும் அமைத்த அரண்கள் ஒருபுறமிருக்க, பொதுமக்கள் தத்தம் முற்றங்களிலே வெட்டிய பதுங்குகுழிகள் மறுபுறம் உள. வன்னியிலே வீடு கட்டுமுன் பதுங்குகுழி வெட்டப்பட்ட காலம் ஒன்றிருந்தது. எறிகணைச் சிதறல் நேரே உட்புகாதபடி அது பெரும்பாலும் ‘ட’ வடிவில் அமைந்தது. மாரியிலே அதனுள் நீர் நிற்கும். கோடையிலே பாம்பு ஒதுங்கும். பாடசாலை வளவுகளிலும் அவ்வாறே குழிகள் வெட்டப்பட்டன. 2009 இன் முற்பகுதியில், கடற்கரை மணலில் குழி நில்லாத இடங்களிலே, பெண்கள் தம் சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பிச் சுவரெழுப்பினர். வெற்றி என்றோ தோல்வி என்றோ எவரும் பெயரிட முடியாத அரண் அதுவே. எனினும் விரைவில் மறைவதும் அதுவே. கொங்கிறீற்றுக் காவலரண் அரை நூற்றாண்டு நிற்கும். பனங்குற்றியும் மண்ணும் சேர்ந்த குழி, கறையானுக்கும் நாலைந்து மாரிக்கும் இரையாகி, முற்றத்தில் ஒரு சிறு பள்ளமாக எஞ்சிப் பின்னர் அதுவும் தூர்ந்துவிடுகின்றது. கொல்ல வந்தோரின் அரண் நிலைக்க, ஒளித்திருந்தோரின் அரண் அழிவது காலத்தின் இயல்பு எனலாம். அவ்வியல்பைக் கண்டும் வாளாவிருத்தல் தகுமா என்பதே அறவியலின் வினா.

இவ்வரண்களை அழித்து நிலத்தைச் சமப்படுத்துவதே முறை என வாதிடுவோரின் நியாயம் வலியது. நிலம் வாழ்வோர்க்குரியது. மெனிக்பாம் முதலான முகாம்களிலிருந்து தம் காணிகளுக்கு மீண்ட குடியானவனுக்கு மண் அணை ஒரு சரித்திரச் சான்றன்று. அஃது அவனது வயலின் குறுக்கே கிடக்கும் தடை. அணையைச் சூழ்ந்த நிலமோ கண்ணிவெடி விதைக்கப்பட்ட நிலம். கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசெம்பரிற் சேர்ந்தது. அதன்படி 2028 இற்குள் நிலம் முழுவதையும் துப்புரவாக்கும் கடப்பாடு உண்டானது. அப்பணியிலே வன்னிப் பெண்கள் பலர், போரில் உறவுகளை இழந்தோர் உட்பட, முழந்தாளிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி ஈடுபட்டுள்ளனர். இவர்கள்முன் நின்று ‘அணையை அப்படியே விடுங்கள், அது வரலாறு’ என்று கூறுதல் எளிதன்று. மேலும், மறதியும் வாழ்வுக்கு வேண்டியதே. வரலாற்றுணர்வு மிகின் வாழும் ஆற்றல் குன்றும் என 1874 இல் எழுதிய கட்டுரையிலே ஜேர்மானிய மெய்யியலாளர் நீட்சே எச்சரித்தார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் நாடோறும் அக்குழியைக் கடந்து கிணற்றடிக்குச் செல்லவேண்டும் என விதிக்க எவருக்கும் உரிமை இல்லை.

பேணவேண்டும் என்போரின் நியாயமும் இலேசானதன்று. கட்டடங்கள் வாழ்வோருக்கு மட்டும் சொந்தமல்ல. ஆக்கியோருக்கும் இனிப் பிறக்கப்போவோருக்கும் அவற்றிற் பங்குண்டு. ஆகவே அவற்றைத் தொடும் உரிமை இன்றையோருக்கு இல்லை என 1849 இல் ஜோன் ரஸ்கின் வாதிட்டார். ஹிரோஷிமாவிலே அணுகுண்டுக்கு எஞ்சிய கட்டடத்தின் எலும்புக்கூட்டை இடித்துவிடவேண்டும், அதைக் காணும்போதெல்லாம் நெஞ்சு வேகின்றது எனக் கூறியோர் இருந்தனர். நீண்ட விவாதத்தின்பின், 1966 இல், அந்நகர சபை அதனை நிலையாகப் பேண முடிவு செய்தது. 1996 இல் அஃது உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. பிரித்தானியாவிலே, ஜேர்மானியப் படையெடுப்பை அஞ்சி 1940 இல் அவசரமாகக் கட்டப்பட்ட காவலரண்களைத் தேடிப் பதியும் திட்டமொன்று 1995 இல் தொடங்கிற்று. தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று ஏறத்தாழ 20,000 இடங்களைப் பதிவு செய்தனர். இலங்கையிலும் இரண்டாம் உலக மகாயுத்தத்தின் எச்சங்கள் திருகோணமலையில் உள. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் அத்துறைமுகத்தைத் தாக்கிய செய்தியைச் சொல்ல அவை உதவுகின்றன.

இவ்வெளிநாட்டு உதாரணங்களை அப்படியே மாங்குளத்துக்குப் பெயர்த்துவிட முடியாது என்பதும் மனங்கொள்ளத்தக்கது. பிரித்தானியக் காவலரண்களை நோக்கி எதிரி வரவேயில்லை. அவற்றுட் பெரும்பாலானவற்றில் இரத்தம் சிந்தவில்லை. விடுமுறை நாளிலே வரைபடமும் கையுமாக அவற்றைத் தேடிச் செல்வது ஓர் இனிய பொழுதுபோக்காக அமையலாம். மாங்குளத்து அரண்களோ நான்கு தடவை உயிர் குடித்தவை. அங்கே இறந்தோருள் வன்னியின் பிள்ளைகளும் உளர். தொலைவிலுள்ள சிங்களக் கிராமங்களிலிருந்து, வறுமையும் கடமையும் உந்த வந்த இளைஞர்களும் உளர். இரு பக்கத்திலும் உடல் கிடைக்காத தாய்மார் உளர். அத்தகைய இடத்தைக் ‘கண்டுபிடித்தல்’ என்ற சொல்லே சற்றுக் கூசச் செய்கின்றது. அதனை அங்கு வாழ்ந்தவர்கள் என்றுமே தொலைத்ததில்லை.

இரு நியாயங்களும் வலியனவாயின், எதனைக் கொள்வது? இவ்விடத்திற் பழந்தமிழ் மரபு ஒன்று சிந்தனைக்கு உதவுகின்றது. பகைவனின் அரணை அழித்த வேந்தன், அவ்விடத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுத செய்தியைப் புறநானூற்றுப் புலவர்கள் பாடியுள்ளனர். கொள்ளும் வரகும் விதைக்கப்பட்ட அந்நிலம் விளைவுக்காக உழப்பட்டதன்று, அவமதிப்புக்காக உழப்பட்டது. இனி, மீள்குடியேறிய குடியானவன் ஒருவன் தன் வயலின் குறுக்கே கிடந்த அணையைத் தட்டி நெல் விதைக்கின்றான் எனக் கொள்வோம். செயல் ஒன்றே, அரண் அழிந்தது, நிலம் உழப்பட்டது. ஆயினும் வேந்தனின் உழவும் குடியானவனின் உழவும் அறத்தால் ஒன்றல்ல. முன்னதில் வென்றவன் பிறருடைய நினைவை அழிக்கின்றான். பின்னதில் உரியவன் தன் துயரத்துக்குத் தானே முடிவு கட்டுகின்றான். ஆகவே, ‘அழிக்கலாமா, பேணலாமா’ எனப் பொருளை மட்டும் நோக்கிக் கேட்பது வினாவின் பாதியே. ‘எவருடைய கை, எவருடைய இசைவோடு’ என்பது அதன் மறுபாதி. ரஸ்கினின் வாதத்திலுள்ள குறையும் இதனாற் புலனாகும். ஆக்கியோருக்கும் பிறவாதோருக்கும் பங்களித்த அவர், தன் விருப்பமின்றித் தன் நிலத்தில் அரண் தாங்கியவனின் பங்கை எண்ணவில்லை.

இவ்வளவுகோலைக் கொண்டு 2009 இன் பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குதல் பொருந்தும். புதுக்குடியிருப்புப் பகுதியிலே புலிகளின் தலைவர் பயன்படுத்தியதாகக் கூறப்பட்ட, நிலத்தடியிற் பல தளங்கள் கொண்ட பதுங்குமாளிகை, தென்னிலங்கையிலிருந்து வந்த உல்லாசப் பயணிகளுக்குக் காட்சிப்பொருளாகச் சில காலம் திறந்துவிடப்பட்டது. 2013 ஒக்டோபரில் இராணுவத்தாற் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. மாவீரர் துயிலும் இல்லங்கள் இடித்து மட்டமாக்கப்பட்டன. அதேவேளை, கிளிநொச்சியிலும் ஆனையிறவிலும் வெற்றிச் சின்னங்கள் எழுந்தன. காட்டியதும் தகர்த்ததும் எழுப்பியதும் ஒரே கை. அந்நிலத்து மக்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை. கழுதை ஏர் மறைந்துபோன பழங்கதை அன்று என்பதற்கு இது சான்று.

குறை மறுபக்கத்திலும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. அரணைக் கண்டவுடன் வீரத்தை மட்டும் நினைக்கும் பழக்கம் தமிழர் மத்தியில் உண்டு. அவ்வரண்களிலே விருப்பத்தோடு நின்றோரும் இருந்தனர். வீட்டிலிருந்து பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்டு நிறுத்தப்பட்ட பிள்ளைகளும் இருந்தனர். இறுதிக் காலத்திலே வெளியேற முயன்ற மக்களைத் தடுத்தவையாகவும் சில காவல் நிலைகள் அமைந்தன. மேலும், 1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்டம் உட்பட வட மாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம் மக்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவர்களது இழப்பைச் சொல்ல ஒரு பதுங்குகுழி தானும் இல்லை. வெறிச்சோடிய வீடுகளே இருந்தன. அரண்களை மட்டும் தேடிப் பேணும் நினைவு, அரணில்லாதோரின் துயரைத் தானாகவே விட்டுவிடும். வள்ளுவர் அரணுக்கென ஓர் அதிகாரம் வகுத்து, நீரும் நிலமும் மலையும் காடும் அரணாதலைக் கூறிவிட்டு, உள்ளிருப்போர் செயற்சிறப்பு இல்லாராயின் எவ்வளவு மாட்சியுடைய அரணும் அரணன்று என முடித்தார். அரணைப் பேசும்போது அதனுள் இருந்த மனிதரின் செயலையும் பேசவேண்டும் என்பதே அம்முடிபிலிருந்து பெறத்தக்க படிப்பினையாகும்.

ஆளுவோர் அஞ்சுவதுபோல, எஞ்சிய சின்னம் பகைமையையே வளர்க்கும் என்பதும் உறுதியன்று. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு செல்லும் வழியில் ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவிலே, 1803 ஒக்டோபர் 31 இல் பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிரிபேர்க் தோற்கடித்தமையைக் குறிக்க ஒரு கல் நாட்டப்பட்டது. நாட்டியவர் கருதியது தம் வெற்றியை. காலப்போக்கில் அக்கல்லைப் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லாகவே மக்கள் கொண்டனர். சின்னத்தின் பொருளை அதனை ஆக்கியோன் என்றென்றும் ஆளமுடியாது. திட்டமிட்ட சின்னத்துக்கே இந்நிலையாயின், எவரும் எதுவும் எழுதாது விட்ட மண் அணை பல தலைமுறைகளின் பல வாசிப்புகளுக்கு இடந்தரும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்துக் கடமைகள் ஒரு வரிசையில் அமைவதைக் காணலாம். முதலாவது உயிர். வெடிபொருள் அகற்றப்படாத எந்த அரணுக்கும் வரலாற்றுப் பெறுமதியைக் காட்டி விலக்களிக்க முடியாது. அதனைத் தேடி ஆர்வத்தாற் காட்டினுட் புகுதலும் தவறாகும். இரண்டாவது சான்று. 2023 யூன் மாதத்தில் கொக்குத்தொடுவாயிலே நீர்க்குழாய் பதிக்க மண்ணைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. தொடர்ந்த அகழ்விலே 50 இற்கு மேற்பட்டோரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. வன்னி மண்ணிலே எப்பள்ளம் பதுங்குகுழி, எப்பள்ளம் புதைகுழி என மேலிருந்து பார்த்துச் சொல்ல இயலாது. காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் இன்னும் வீதியோரத்தில் விடை கேட்டு நிற்கையில், ஆராயாது புல்டோசரால் நிரவுதல் சாட்சியை வாய்மூடச் செய்வதாகும். மூன்றாவது உரியவரின் இசைவு. தனியார் காணியிலுள்ளதை அழிக்கவும் வைக்கவும் காணிக்குரியவரே தீர்மானிக்கவேண்டும். பொதுநிலத்தில் உள்ளதைப் பொறுத்தவரை ஊரவரைக் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

மூன்றுக்கும் இடையே பதிதல் என்ற சிறு பணி ஒன்று உண்டு. அழிப்பதற்கு முன்னர் அளந்து, வரைந்து, படமெடுத்து, எக்காலத்தது, எப்பொருளாலானது, எவர் அதனுள் ஒதுங்கினர் எனக் கேட்டெழுதி வைத்தல் குடியானவனின் உழவைத் தடுக்காது. சட்டம் இதற்கு உதவும் என எதிர்பார்ப்பதற்கில்லை. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 இற்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் என வரையறுத்தது. பனங்குற்றிப் பதுங்குகுழிக்கு அதிலே இடமில்லை. எனவே இப்பணி வரலாறும் புவியியலும் தொல்லியலும் பயிலும் மாணவர்களையும், ஊர்ப் பாடசாலை ஆசிரியர்களையும் நோக்கியே வருகின்றது. சொல்ல விரும்பாதோரின் மௌனத்தை மதித்தலும், சொல்வோரின் பெயரை அவர் இசைவின்றி வெளியிடாமையும் இப்பணியின் ஒழுக்கங்களாதல் வேண்டும். நினைவு கடனாகலாம், ஆனால் அக்கடனைத் துயருற்றவரிடமிருந்தே வசூலித்தல் ஆகாது.

மாரி தொடங்கி ஒவ்வொரு மழைக்கும் மண் அணைகள் சிறிது சிறிதாகக் கரைகின்றன. முற்றத்துக் குழிகள் தூர்கின்றன. அவற்றை வெட்டிய கைகள் முதுமையடைகின்றன. கொங்கிறீற்று அரண்களைப் பற்றிய விவாதத்தைப் பத்தாண்டுகள் கழித்தும் நிகழ்த்தலாம். ‘ட’ வடிவக் குழியை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டினர், எத்தனை பேர் எத்தனை இரவு அதனுள் இருந்தனர், பிள்ளைகளை எப்படி அழாமல் வைத்தனர் என்பவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் மாங்குளத்தில் உளர். அவர்களிடம் சென்று, அவர்கள் இசைந்தாற் கேட்டு எழுதுவதற்கு எஞ்சியுள்ள காலமோ அவ்வளவு நீண்டதன்று.